திரியாய் விலாசம்

அம்மா,

உங்களைத் தம்பி ஒரு வரைபடமாக்கி அனுப்பியிருக்கிறான். இடது பக்கம் கீழே ஒரு புள்ளி. அதிலிருந்து வலது பக்கம் மேலே ஏறிப்போகும் ஒரு பச்சைக் கோடு. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் தொய்ந்து, தொய்ந்ததற்கு வெட்கப்பட்டதுபோல இன்னும் உயரமாக எழும்புகிறது. கீழே அவனே எழுதியிருக்கிறான்: "அம்மாவின் பொறுமை. ஒரே கம்பெனி, ஒரே பங்கு, முப்பத்தாறு வருடம்." உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில், தேவாரங்களுக்கும் வம்சாவளிக்கும் இடையில், இது ஒரு முழுப் பக்கமாக வரவேண்டுமாம். படத்துக்குக் கீழே நான் நாலு பந்தி எழுதித் தரவேண்டுமாம்.

"நீங்கள்தானே அக்கா கச்சேரியில புள்ளிவிவரம் பாக்கிறனீங்கள். உங்களுக்குத்தான் வடிவா எழுத வரும்" என்று கனடாவிலிருந்து குரல் செய்தி.

அச்சகக்காரர் வியாழக்கிழமைக்குள் கேட்கிறார். இன்றைக்குச் செவ்வாய். நாலு பந்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இந்தக் கடிதம்.

முதலில் அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாவட்டச் செயலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு இதே வேலைதான். ஒரு கோடு எவ்வளவு ஏறும் என்பது அதை எந்த வருடத்தில் தொடங்குகிறோம், எதை உள்ளே சேர்க்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. தம்பி வெறும் பங்கு விலையைப் போடவில்லை. வந்த பங்கிலாபம் ஒவ்வொன்றையும் நீங்கள் திரும்ப அதே பங்கில் போட்டதாகக் கணக்கு வைத்திருக்கிறான். கம்பெனி பழைய பங்குதாரருக்கு மலிவாகப் புதிய பங்கு கொடுத்தபோது நீங்கள் வாங்கியதாகவும் வைத்திருக்கிறான். நீங்கள் வாங்கவில்லை. பங்கிலாபக் காசு எனக்குச் சப்பாத்தாகவும் அவனுக்கு ரியூசனாகவும் போனது. மலிவுப் பங்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் பச்சைக் கோட்டில் ஏறிப்போகிற பெண் யாராவது இருந்தால், அவள் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்காதவள். அவளை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல பங்குதான். அரிசி விலை ஏறியதையும் ரூபாய் விழுந்ததையும் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை முடக்கில் இருந்த வாத்தியாரும் பென்சன் எடுத்த காசு முழுவதையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் போட்டது ஒரு நிதிக் கம்பெனியில். ஒருநாள் காலை அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. காத்திருந்ததில் அவருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவருக்கு யாரும் பச்சைக் கோடு கீறவில்லை.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லி அவன் வாயை மூடிவிட என்னால் முடியும். என்னால் தாங்க முடியாதது அவன் தலைப்பில் போட்ட சொல். பொறுமை. அந்தச் சொல்லை நீங்கள் எங்கள் குசினியில் நின்று எனக்குச் சொன்ன நாள் அவனுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னர் விலாசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சண்டைக்குப் பயந்து எங்கள் ஊரான திரியாயிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. நிலாவெளி வரைக்கும் உழவு மெசினில், பிறகு யாரோ ஒருவருடைய லொறியில். திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்தோம். தம்பி அங்கேதான் பிறந்தான். உங்களுக்கு ஊர்த் தபாற்கந்தோர் வேலை போய், பட்டினத்துத் தபாற்கந்தோரில் கடிதம் பிரிக்கிற மேசை கிடைத்தது. வயல் வைத்திருந்த அப்பாவுக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் காவல் வேலை. எந்தப் படிவம் வந்தாலும் அதில் இரண்டு பெட்டி இருக்கும். நிரந்தர முகவரி என்ற பெட்டியில் அப்பா திரியாய் வீட்டை எழுதுவார். இந்த வீட்டைத் தற்காலிக முகவரியில் எழுதுவார். அப்பாவின் கையெழுத்து வடிவானது. வரம்பு கட்டினமாதிரி நேராக வரும்.

உங்களுக்குச் சம்பள நிலுவை சேர்ந்து வந்த வருடம், கந்தோரில் யாரோ அந்தக் காப்புறுதிக் கம்பெனியின் பங்கு விண்ணப்பங்களைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் காப்பு வாங்குவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தீர்கள்.

"ரெண்டு பேரின்ர பேரிலயும் போடுங்கோ" என்றீர்கள். "எனக்கு ஏதும் நடந்தா நீங்கள் அலையக்கூடாது."

"விலாசம்?" என்று அப்பா கேட்டார். கேட்டுக்கொண்டே திரியாய் என்று எழுதிவிட்டார்.

"அங்க ஆர் இருக்கினம் கடிதம் வாங்க?"

"நீர்தானே வாங்கப்போறீர். எங்கட ஊர்க் கடிதமெல்லாம் உம்மட மேசைக்குத்தானே வருது. அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அங்க போயிடுவம். பிறகு ஏன் மாத்தி மாத்தி எழுதுவான்?"

அது உண்மைதான். ஆள் இல்லாத ஊர்களின் கடிதங்கள் எல்லாம் உங்கள் கந்தோரில்தான் தேங்கின. ஊருக்கு ஒரு தட்டு. திரியாய்த் தட்டு உங்களுக்கு நேர் முன்னால் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே வந்து உங்களுக்காகக் காத்திருப்பேன். பக்கத்து மேசையில் குறிஞ்சாக்கேணி நஸீர் நானா. கந்தோர் வாசலில் பட்டினத்து மான்கள் இரண்டு மூன்று, தெருவோரக் கானுக்குள் கிடந்த கடதாசியை மென்றுகொண்டு நிற்கும்.

"மான் திண்ட கடிதத்துக்குப் பதில் வராது புள்ள" என்பார் நஸீர் நானா. "ஒங்கட அம்மா மேசைக்கு வந்த கடிதத்துக்கு மட்டும்தான் வரும்."

வருடத்தில் ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, கண்ணாடித்தாள் சன்னல் வைத்த கபில நிற உறை வரும். நீங்கள் அதைத் திரியாய்த் தட்டில் போட்டு, பிறகு நீங்களே எடுத்து, கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவருவீர்கள். வீட்டில் அப்பா அதை வாங்கி உடனே உடைக்கமாட்டார். முதலில் விலாசத்தை வாசிப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி வாசிப்பார். பேர், வீடு, வீதி, திரியாய். தபாற்காரன் படலையில் மணியடித்துக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. அதன் பிறகுதான் உள்ளே எவ்வளவு என்று பார்ப்பார். சில வேளை பார்க்காமலே உங்களிடம் தந்துவிடுவார். நான் சிரிப்பேன். நீங்கள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இனிக் குசினி.

நான் பேராதனையில் கடைசி வருடம். அப்பாவுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு என்று சொன்னார்கள். அரசாங்க ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு வரிசை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். கொழும்பில் காசு கட்டினால் அந்த மாதமே செய்யலாம். எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பத்திரிகையில் பங்கு விலை பார்த்து, கடதாசியில் பெருக்கிப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். விலை இறங்கியிருந்த காலம்தான். அப்படியும் போதும். சரியாகப் போதும்.

நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள்.

"பங்கை வில்லுங்கோ அம்மா."

"இப்ப ஏலாது. விலை விழுந்து கிடக்கு."

"விழுந்த விலைக்கே காணும். நான் பாத்திட்டன்."

"கொஞ்சம் பொறு பிள்ளை. ஏறும்."

"அப்பாவும் பொறுப்பாரோ?"

நீங்கள் துருவலை நிறுத்தவில்லை. "பொறுமை வேணும்" என்றீர்கள். "பங்கு எண்டா அப்பிடித்தான். அவசரப்பட்டா எல்லாம் போயிடும்."

"எல்லாம் எண்டா எது அம்மா? அப்பாவும் அதுக்குள்ள வாறாரோ?"

நடுவில் சுவர்கூட இல்லை. ஒரு சேலைத் துணிதான் மறைப்பு. அந்தப் பக்கம் அப்பா சாய்மனைக் கதிரையில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நாங்கள் கதைத்த ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. அவர் இருமினார். எனக்காகவும் பேசவில்லை, உங்களுக்காகவும் பேசவில்லை. என்ன பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன்.

வரிசையில் அவருடைய முறை வரமுன்னர் அவர் போய்விட்டார்.

நான் உங்களோடு சண்டை பிடிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். மரியாதையாக நடந்தேன். கச்சேரியில் வேலை கிடைத்ததும் உங்களோடுதான் இருந்தேன். கண் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போனேன். மாதச் சாமானும் மருந்தும் வாங்கினேன். வாடகைக்கு இருந்த இந்த வீட்டை விலைக்கு வாங்கினேன், கூரை மாற்றினேன். "சாப்பிட்டீங்களோ" என்று கேட்டேன். ஒருநாளும் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து கதைக்கவில்லை. கலியாணப் பேச்சு வந்தபோது, "இன்னும் விலை ஏறட்டும்" என்று சொன்னேன். நீங்கள் எழும்பி உள்ளே போனீர்கள். அதைச் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. போன கிழமை வரைக்கும் வெட்கப்படவில்லை.

போன கிழமை தம்பி பங்குச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அதையும் மலரில் போடவேண்டுமாம். உங்கள் அலுமாரியின் கீழ் லாச்சியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம். சேலைகளுக்கு அடியில் தபாற்கந்தோர்ப் பைல் ஒன்று. உள்ளே சான்றிதழ், இரண்டு பேருடைய பெயரிலும். ரப்பர் வளையம் போட்ட கபில நிற உறைகள். அவற்றுக்கு அடியில் தட்டெழுத்துக் கடையில் அடித்த மூன்று கடதாசி. மூன்றும் ஒன்றுதான்: எங்கள் பங்குகளுக்கான விலாசத்தைத் திருகோணமலைக்கு மாற்றித் தருக, பின்னர் அவற்றை விற்பதற்குத் தரகருக்கு அதிகாரம் தருகிறோம். கீழே இரண்டு கையெழுத்துக்கு இரண்டு கோடு. முதல் கோட்டில் உங்கள் கையெழுத்து. மூன்றிலும் இருக்கிறது. இரண்டாவது கோடு மூன்றிலும் வெறுமை. மூன்றாவது கடதாசியில் மட்டும் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு மைப்புள்ளி. அப்பா பேனையை வைத்துவிட்டு எடுத்திருக்கிறார்.

முதல் கடதாசியின் திகதியைப் பார்த்தேன். நான் குசினியில் உங்களோடு கதைத்ததற்கு முந்திய மாதம். மூன்றாவது, நான் கதைத்ததற்கு இரண்டு கிழமை பிந்தியது. நான் கேட்க முன்னரே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் கேட்ட பிறகும் கேட்டிருக்கிறீர்கள்.

சாட்சி என்ற இடத்தில் நஸீர் நானாவின் கையெழுத்து. கோல் எடுத்தேன். "நான் வாறன் புள்ள, இத போன்ல கதைக்க ஏலாது" என்றார். முழங்கால் வருத்தத்தோடு கிண்ணியா பஸ்ஸில் வந்து இறங்கினார். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடதாசிகளைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.

"அக்கா இத கிழிச்சுப் போட்டிருப்பா எண்டுதான் நினைச்சன்."

"அப்பா ஏன் கையெழுத்து வைக்கேல்ல நானா?"

"விக்கிறதுக்கு முந்தி இப்ப இருக்கிற வெலாசத்துக்கு மாத்தணும், மாத்த இஞ்சதான் இருக்கிறம் எண்டு இந்த ஊர் விதானையார் கடிதம் தரணும் எண்டு தரகர்ர ஆள் சொன்னான். அந்தக் கடிதம் எடுத்தா திரியாய்ப் பட்டியல்ல பேர வெட்டிருவாங்க, பேர வெட்டினா வயல் பெர்மிட்டும் போயிரும் எண்டு ஒங்கட அப்பா நெனைச்சார். அக்கா எவ்வளவோ சொன்னா. நானும் சொன்னன். அவர் ஒண்டுதான் கேட்டார். 'அந்த விலாசத்தையும் எடுத்தா, நான் ஆர் நஸீர்? களஞ்சியத்து வோச்சரோ?'"

"பேரை வெட்டியிருப்பாங்களோ?"

நஸீர் நானா கடதாசியை மேசையில் வைத்தார். "ஆருக்குத் தெரியும் புள்ள. நாங்க ஒருத்தரும் போய்க் கேக்கல்லயே. கேட்டாலே பேர் வெளிய வந்திரும் எண்டு பயம்."

"அம்மா ஏன் எனக்குச் சொல்லேல்ல? நான் குசினியில நிண்டு கேட்டனான்."

"நானும் கேட்டன். புள்ளைக்கிட்ட சொல்லுங்க அக்கா, புள்ள பேசினா அவர் கேப்பார் எண்டன். வேணாம் எண்டா. 'தகப்பன் கிடக்கிற நிலையில பிள்ளை அவரோட கோவிக்கக்கூடாது. என்னோட கோவிச்சாலும் வீட்டுக்கு வரும்' எண்டா." அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, "நீங்க வந்தீங்கதானே" என்றார்.

தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார்.

அடுத்த நாள் கச்சேரியில் எங்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே, காணிப் பிரிவில் இருக்கிற வயதான உத்தியோகத்தரிடம் போனேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை. பங்குக் கம்பெனிக்கு விலாசம் மாற்றினால் ஊர்ப் பட்டியலில் பெயர் வெட்டுப்படுமா, பெர்மிட் போகுமா என்று மட்டும் கேட்டேன்.

"அது வேறை, இது வேறை மிஸ்" என்றார். "கம்பெனிக்குக் கடிதம் எங்க போடுறது எண்டு தெரிஞ்சாச் சரி. வேலை செய்யிற கந்தோர்க் கடிதமே காணும். பெர்மிட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்பவும் அப்பிடித்தானோ? இருபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி?"

"அப்பவும் அப்பிடித்தான். ஏன் மிஸ், ஆரும் அப்பிடிப் பயந்தவையோ?"

நான் படியேறி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

வேலை செய்கிற கந்தோரின் கடிதம். நீங்கள் வேலை செய்த கந்தோர் தபாற்கந்தோர், அம்மா. உங்கள் தபாலதிபர் உங்கள் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தார். முத்திரை அவருடைய லாச்சிக்குள் இருந்தது. ஒரு கேள்வி. நீங்கள் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, நஸீர் நானா கேட்கவில்லை. ஒரு பட்டினம் நிறைய ஊர் விட்டு வந்த சனம். கந்தோரில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாலே, இருப்பதையும் எழுதி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து கொண்டிருந்தீர்கள். அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். நானும் அந்த லொறியில் வந்தவள்தான். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

ஆறாத கோபத்தை யாரில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் அதை உங்களில் வைத்திருந்தேன். இப்போது அதைத் தூக்கி அப்பாவில் வைக்கப் போனால், அவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு விலாசம் வாசிக்கிற குரல் கேட்கிறது. திரும்ப உங்களிடமே கொண்டுவருகிறேன். ஓம், உங்களிடமேதான். நீங்கள் என்னை நம்பவில்லை. இருபத்து மூன்று வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. அப்பாவிடம் கோபித்தாலும் அவரை விட்டுப் போகமாட்டாள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்தத் துணியை விலக்கி, "அப்பாவைக் கேள் பிள்ளை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சத்தம் போட்டிருப்பேன். அழுதிருப்பேன். அவர் கையெழுத்து வைத்திருப்பார். அந்த மைப்புள்ளியைப் பார்த்த பிறகு எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவர் பேனையைக் கோட்டில் வைத்திருக்கிறார், அம்மா. இன்னும் ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. அந்த ஆள் ஒரு துணிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அதன் பிறகாவது? அப்பா போன பிறகு மரணச் சான்றிதழோடு பங்கு உங்கள் தனிப் பெயருக்கு வந்திருக்கும். விலாசத்தை நீங்களே மாற்றியிருக்கலாம், விற்றிருக்கலாம். செய்யவில்லை. நீங்கள் பென்சன் எடுத்த பிறகு நஸீர் நானா உறைகளை எடுத்துத் தந்தார். அவரும் பென்சன் எடுத்த பிறகு உறைகள் திரும்பிப் போயின. மலிவுப் பங்குக் கடிதமும் அதில் ஒன்றாகப் போனது. ஊரில் சனம் திரும்பக் குடியேறியபோது ஒருநாள் நீங்களும் நானும் பஸ்ஸில் போனோம். குச்சவெளி தாண்டியதும் நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. வயலில் பற்றை. நீங்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டு, "அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டீர்கள். அதன் பிறகும் விலாசத்தை மாற்றவில்லை. அவர் கொடுத்த உயிருக்கு அந்த விலாசமாவது இருக்கட்டும் என்று நினைத்தீர்களா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத எனக்கு வராது.

ஆக, முப்பத்தாறு வருடம் ஒரே பங்கை வைத்திருந்த பெண்ணின் கதை இதுதான். முதலில் விற்க முடியவில்லை. பிறகு விற்று என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் அது ஏறிவிட்டது. தம்பி அந்த ஏற்றத்துக்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறான். சந்தைக்கு எங்களைத் தெரியாது, அம்மா. நீங்கள் பொறுத்தீர்களா பயந்தீர்களா என்று அது பார்க்கவில்லை.

இதை எழுதி மூன்று நாளாகிவிட்டது; இன்றைக்கு வெள்ளி. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை இரவு தம்பியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் மலரில் வராது என்று சொன்னேன்.

"ஏன் அக்கா?"

"வரைபடம் பிழை. பங்கிலாபம் திரும்பப் போட்டதாகக் காட்டியிருக்கிறாய். அவ போடேல்ல."

"அதைத் திருத்தலாம். திருத்தினாலும் ஏறித்தானே நிக்குது?"

"நிக்குது. ஆனா போட ஏலாது."

பிறகு வந்தது, இருபத்தைந்து வருடமாக அவன் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. "உங்களுக்கு அம்மாவில எப்பவும் கோபம்தான் அக்கா. நான் சின்னப்பிள்ளை எண்டாலும் எனக்குத் தெரியும். அவ செத்த பிறகும் ஒரு நல்ல சொல்லுச் சொல்ல மனம் வரேல்ல உங்களுக்கு. அப்பாவைப் பாருங்கோ. அவ்வளவு வருத்தத்தோட கிடந்தும் அம்மாவை ஒரு குறை சொன்னாரோ?"

மூன்று கடதாசியும் மேசையில் எனக்கு முன்னால் கிடந்தன. இரண்டாவது கோடு மூன்றிலும் வெறுமை. படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். அவனுக்கு அப்போது பதினாலு வயது. அவனிடம் அப்பாவின் மணிக்கூடு இருக்கிறது. நின்றுபோன அந்த மணிக்கூட்டை இன்றைக்கும் கையில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான்.

"இல்லை" என்றேன். "குறை சொல்லேல்ல."

"பிறகென்ன?" என்றான். நான் மூன்று கடதாசியையும் கவிழ்த்து வைத்தேன். அவன் கோலை வைத்துவிட்டான்.

இதைச் செய்யமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், அம்மா. உங்களைப்போல நானும் ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், நல்லா ஏசியிருப்பேன். இந்தக் கடிதமும் அந்த மூன்று கடதாசியோடு அதே பைலுக்குள் போகிறது. அவன் வந்து லாச்சியைத் திறந்தால் வாசிக்கட்டும். பூட்ட மாட்டேன்.

வியாழக்கிழமை அச்சகத்தில் மலரின் முதல் பக்கத்தைக் காட்டினார்கள். தம்பி எழுதி அனுப்பியது. திரியாயைப் பிறப்பிடமாகவும், திருகோணமலையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர் என்று உங்கள் பெயருக்கு மேலே இருந்தது. நாற்பது வருடம் நீங்கள் சமைத்த குசினி, அப்பா செத்த அறை, நான் காசு கட்டி வாங்கின கூரை. அச்சகக்காரரிடம் பேனை வாங்கி, தற்காலிக என்ற சொல்லை வெட்டினேன்.

"இது வழக்கமாப் போடுறதுதானே மிஸ்?" என்றார் அவர்.

"தெரியும்" என்றேன். "வெட்டி அடியுங்கோ."

இன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் கோல் வந்தது. அவனுக்கு அங்கே இரவு. குரல் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"முப்பத்தொண்டுக்கு எத்தினை பேருக்குச் சமைக்கச் சொன்னீங்கள்?" என்று கேட்டான்.